பாப்-அப் தடையை அணைக்கச் சொல்லாதீர்கள்: அரசுச் சேவைத் தளங்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

இணையவழி அரசுச் சேவைகளை நடத்தும் துறை அதிகாரிகளுக்கும், அந்தத் தளங்களை எழுதித் தரும் மென்பொருள் குழுக்களுக்கும்,

விண்ணப்பத்தைத் தொடங்கும் முன் பிரவுசரின் பாப்-அப் பிளாக்கரை (கேட்காமல் திறக்கும் சாளரங்களைத் தடுக்கும் அமைப்பை) அணைத்துவிட வேண்டும் என்ற வரி உங்கள் பயனர் கையேடுகளில் பல ஆண்டுகளாக இருந்துவருகிறது. தளத்தின் தோற்றம் மாறுகிறது, கையேட்டின் அட்டை மாறுகிறது, அந்த வரி மட்டும் அப்படியே அடுத்த பதிப்புக்குப் போய்விடுகிறது. சில கையேடுகளில் அம்புக்குறி போட்ட படமும் உண்டு. சேவை மையங்களிலும் பிரவுசிங் சென்டர்களிலும் கணினிகளைப் பராமரிக்கும் நாங்கள், அந்த வரியால் வரும் கேட்டைத்தான் வாரம் முழுக்கத் துடைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த வரியை நீக்கச் சொல்லவும், நீக்கினாலும் உங்கள் தளம் தடங்கலின்றி ஓடும் என்பதை விளக்கவுமே இந்த மடல்.

நீங்கள் அணைக்கச் சொல்லும் சுவிட்ச் எதைக் காக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறோம். குரோமில் அதன் முழுப் பெயர் ‘பாப்-அப்களும் திசைதிருப்புதல்களும்’. இரண்டு காவல் வேலைகளை அந்த ஒரே சுவிட்ச் பார்க்கிறது. கேட்காமல் புதிய சாளரம் திறப்பதைத் தடுப்பது ஒன்று. பக்கத்துக்குள் ஒட்டியிருக்கும் விளம்பரச் சட்டகம், நீங்கள் எதையும் தொடாமலே முழுப் பக்கத்தையும் வேறு முகவரிக்குத் தள்ளிவிடுவதைத் தடுப்பது மற்றொன்று. உங்கள் ரசீதுச் சாளரம் திறக்க வேண்டும் என்பதற்காக இதை அணைத்தால், உலகத்தில் உள்ள எல்லாத் தளங்களுக்கும் இந்த இரண்டு கதவுகளும் திறந்துவிடுகின்றன. உங்கள் தளத்துக்கு மட்டும் என்ற வரம்பு அந்தச் சுவிட்சுக்குக் கிடையாது.

பாப்-அப் விளம்பரத்துக்கான நிரலை 1990-களின் பிற்பகுதியில் எழுதிய ஈத்தன் சக்கர்மேன், அதற்காக 2014-ல் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக் 2004-ல் வந்தபோதே இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் பாப்-அப் தடை சேர்ந்துவிட்டது. அதே ஆண்டு வந்த ஃபயர்ஃபாக்ஸ் 1.0-லும் அது இருந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக எல்லா பிரவுசரும் தொடக்கத்திலிருந்தே இயக்கி வைத்துத் தரும் பாதுகாப்பு இது. அதை அணைக்கச் சொல்வது அரசு என்பதால் மக்கள் மறுபேச்சின்றி அணைக்கிறார்கள்.

அணைக்கச் சொல்லும் கையேட்டில், வேலை முடிந்ததும் திரும்ப இயக்கச் சொல்லும் வரி இல்லை. அந்த சுவிட்சைப் பிறகு யாரும் தேடிப் போவதும் இல்லை.

ஒரு சேவை மையத்தின் மேசைக் கணினியைக் கிட்டத்தில் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். வருமானச் சான்றிதழுக்கு வந்தவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். ஆபரேட்டர் ஆதார் எண்ணைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது திரையின் வலது கீழ்மூலையில் கறுப்புப் பெட்டி ஒன்று எழும்பி வருகிறது. உங்கள் கணினியில் 5 வைரஸ்கள் என்கிறது. அதை மூடினால் அடுத்தது, மருந்து விளம்பரம். அதற்கடுத்தது சூதாட்டம். ‘சமர்ப்பி’ பொத்தான் இருப்பதும் அதே மூலையில்தான். அவசரத்தில் விரல் பொத்தானுக்குப் பதிலாகப் பெட்டியின் மேல் பட்டுவிடுகிறது. உடனே திரை முழுவதையும் நீலப் பக்கம் ஒன்று மூடிக்கொள்கிறது, சைரன் ஒலிக்கிறது, கணினி பூட்டப்பட்டது, இந்த எண்ணை அழையுங்கள் என்று வருகிறது. மவுஸ் அம்பு தெரிவதில்லை. அழைத்தவர்களிடம் தொலைவிலிருந்து கணினியை இயக்கும் செயலி ஒன்றை நிறுவச் சொல்வார்கள். அதன் பிறகு அந்தக் கணினியில் உள்ள கடவுச்சொற்களும், ஸ்கேன் செய்து வைத்த ஆதார் நகல்களும் யார் கைக்குப் போகும் என்பதை நாங்கள் சொல்லத் தேவையில்லை.

அந்தப் பக்கம் உண்மையில் எதையும் பூட்டியிருக்காது. பிரவுசரை முழுத்திரையில் போட்டு, ஒலியைச் சுழலவிட்டிருக்கும், அவ்வளவுதான். எஸ்கேப் விசையை இரண்டு மூன்று நொடி அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும். விலகாவிட்டால் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரைத் தேர்ந்து ‘எண்ட் டாஸ்க்’ கொடுக்க வேண்டும். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்டெடுக்கவா என்று பிரவுசர் கேட்கும். வேண்டாம் என்று மூடிவிட வேண்டும். மீட்டெடுத்தால் அதே சைரன் திரும்ப வரும். உங்கள் கையேடுகளில் இந்த நான்கு வரிகள் எங்கும் இல்லை.

மூலையில் வரும் அந்தப் பெட்டிகளைப் பலர் வைரஸ் என்று நினைத்து கணினியை ஃபார்மட் செய்யக் கொண்டுவருகிறார்கள். அவை பிரவுசர் நோட்டிஃபிகேஷன்கள். பாப்-அப் தடை அணைந்த கணினியில் பாடல் அல்லது படம் இறக்கும் தளம் ஒன்றைத் திறந்தால், பின்னணியில் இன்னொரு டேப் தானாகத் திறக்கிறது. அதில் ரோபோ பொம்மை ஒன்று நிற்கும். நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க ‘அனுமதி’ பொத்தானை அழுத்துங்கள் என்று கேட்கும். அழுத்தியதும் அந்தத் தளத்துக்கு நோட்டிஃபிகேஷன் அனுப்பும் உரிமை கிடைத்துவிடுகிறது. டேப்பை மூடினாலும் அந்த உரிமை போகாது. தானாகத் திறக்கும் டேப்தான் அதன் முதல் படி. அந்தப் படியைத்தான் உங்கள் கையேடு திறந்துவிடுகிறது.

இதைச் சுத்தம் செய்ய ஃபார்மட் வேண்டாம். குரோமில் அமைப்புகள், தனியுரிமையும் பாதுகாப்பும், தள அமைப்புகள், அறிவிப்புகள் என்ற வரிசையில் போனால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் வரும். தெரியாத ஒவ்வொரு பெயருக்கும் எதிரே உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு ‘தடு’ கொடுக்க வேண்டும். ‘அகற்று’ கொடுத்தால் போதாது. அகற்றிய தளம் அடுத்த முறை மறுபடி அனுமதி கேட்கும், மறுபடி யாராவது கொடுப்பார்கள். தடுத்த தளம் கேட்கவே முடியாது. பலர் பயன்படுத்தும் கணினியில், எந்தத் தளமும் அறிவிப்பு அனுப்பக்கூடாது என்று மொத்தமாகவே வைத்துவிடலாம். சான்றிதழ் விண்ணப்பத்துக்கு நோட்டிஃபிகேஷன் எதற்கும் தேவைப்படுவதில்லை.

அதோடு எக்ஸ்டென்ஷன் (பிரவுசருக்குள் சேர்க்கும் சிறு செயலி) பக்கத்தையும் பார்க்க வேண்டும். எல்லா இணையதளங்களிலும் உங்கள் தரவைப் படிக்கலாம், மாற்றலாம் என்ற உரிமையோடு, யாரும் நிறுவியதாக நினைவில்லாத எக்ஸ்டென்ஷன் ஒன்று அங்கே இருந்தால் அதை நீக்க வேண்டும். பிரவுசர் திறக்கும்போது வரும் முதல் பக்கமும் தேடுபொறியும் மாறியிருக்கின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். யாரும் நிர்வாகக் கொள்கை (பயனர் மாற்ற முடியாதபடி நிர்வாகி பூட்டி வைக்கும் அமைப்பு) போடாத வீட்டுக் கணினியில், இந்த பிரவுசரை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்ற வரி மெனுவின் அடியில் தெரிந்தால், நிர்வகிப்பது ஒரு விளம்பர மென்பொருளாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இனி உங்கள் மென்பொருள் குழுக்களிடம் நேரடியாகப் பேசுகிறோம். பாப்-அப் தடை எல்லாச் சாளரத்தையும் தடுப்பதில்லை. ஒருவர் பொத்தானை அழுத்திய கையோடு திறக்கும் சாளரத்தை அது விட்டுவிடும். யாரும் அழுத்தாமல் நிரல் தானாகத் திறப்பதைத்தான் பிடிக்கும். அப்படியானால் ‘ரசீது அச்சிடு’ பொத்தானை அழுத்தியும் உங்கள் ரசீது ஏன் தடைபடுகிறது? பொத்தான் அழுத்தப்பட்டதும் உங்கள் நிரல் முதலில் சர்வரிடம் ரசீதைக் கேட்கிறது, பதில் வந்த பிறகுதான் சாளரத்தைத் திறக்கிறது. ஓர் அழுத்தலை மனிதரின் செயல் என்று குரோம் ஏறக்குறைய 5 நொடிதான் நினைவில் வைக்கும். கடைசி நாளன்று உங்கள் சர்வர் 20 நொடி எடுக்கும்போது அந்தக் கணக்கு காலாவதியாகிவிடுகிறது, சாளரம் தடுக்கப்படுகிறது. அலுவலகத்தில் வேகமான இணைப்பில் சோதிக்கும் உங்களுக்கு இது தெரியவே தெரியாது. கிராமத்து மையத்தில் நாள்தோறும் நடக்கும்.

இதற்குத் தீர்வு உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. ரசீது ஒரு பிடிஎஃப் கோப்புதான். அதற்குப் புதிய சாளரமே வேண்டாம். சர்வர் அனுப்பும் பதிலில் ‘கன்டென்ட்-டிஸ்பொசிஷன்’ தலைப்பில் ‘அட்டாச்மென்ட்’ என்று போட்டால், அது நேராக டவுன்லோடு கோப்புறைக்குள் வந்து விழும். சாளரம் வேண்டியே தீரும் என்றால், அழுத்திய அந்தக் கணத்திலேயே வெற்றுச் சாளரத்தைத் திறந்து வைத்துவிட்டு, சர்வர் பதில் வந்ததும் அதன் முகவரியை மாற்றலாம். சரிபார்ப்புக்கும் முன்னோட்டத்துக்கும் நீங்கள் திறக்கும் சின்னச் சாளரங்களை அதே பக்கத்துக்குள் மேலே எழும் பெட்டியாகக் காட்டலாம். பிரவுசர் அதைப் பாப்-அப் என்று எண்ணுவதே இல்லை.

பணம் செலுத்தும் இடம்தான் இதில் மிக மோசம். வங்கிப் பக்கம் தனிச் சாளரத்தில் திறக்கிறது. கணக்கிலிருந்து பணம் போய்விடுகிறது. அந்தச் சாளரம் பழைய சாளரத்துக்குச் செய்தி சொல்ல முடியாமல் மூடிக்கொள்கிறது. விண்ணப்பத்தில் ‘கட்டணம் நிலுவை’ என்றே நிற்கிறது. ஆபரேட்டர் இரண்டாம் முறை கட்டுகிறார். 60 ரூபாய் கட்டணம் 120 ஆவது கூலி வேலைக்குப் போகாமல் வந்து நிற்பவருக்குச் சின்ன விஷயம் அல்ல.

தனிச் சாளரத்தை ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். அதே டேப்பில் வங்கிக்குப் போய்த் திரும்பும்போது ‘செஷன் முடிந்தது’ (உள்நுழைவு காலாவதியானது) என்று வெளியே தள்ளுகிறது, அதுதானே காரணம்? 2020-ல் குரோம் 80 வந்தபோது குக்கீகளுக்கான (ஆளை அடையாளம் காண தளம் பிரவுசரில் வைக்கும் சிறு குறிப்புகளுக்கான) ‘சேம்சைட்’ விதி இறுகியது. வேறு தளத்திலிருந்து போஸ்ட் முறையில் திரும்பி வரும் பக்கத்தோடு, தனியாகக் குறிக்கப்படாத குக்கீயை குரோம் பொதுவாக அனுப்பாது. அதனால்தான் உங்கள் சர்வர் ஆளைத் தெரியாமல் விழிக்கிறது. செஷன் குக்கீக்கு ‘சேம்சைட் நன்’, ‘செக்யூர்’ இரண்டையும் சேர்த்துக் குறிக்கலாம். அதைவிட நல்லது, திரும்பி வரும் பக்கம் செஷனை நம்பாமல் பரிவர்த்தனை எண்ணை வைத்து வேலையை முடித்து, பிறகு கெட் முறையில் உங்கள் பக்கத்துக்கே மாற்றி அனுப்புவது. எப்படிச் செய்தாலும், மறுபடி ‘பணம் செலுத்து’ பொத்தானைக் காட்டும் முன் உங்கள் சர்வர் கட்டண நிறுவனத்தின் சர்வரிடம் அந்தப் பரிவர்த்தனை என்னவாயிற்று என்று நேரடியாகக் கேட்டுவிட வேண்டும். இரட்டைக் கட்டணத்துக்கு மருந்து அதுதான்.

நிரலைத் திருத்த மாதங்கள் ஆகலாம் என்பதை ஏற்கிறோம். கையேட்டைத் திருத்த ஒரு மதிய நேரம் போதும். அணைக்கச் சொல்வதற்குப் பதிலாக அங்கே வர வேண்டியது இதுதான்.

குரோமிலோ எட்ஜிலோ சாளரம் தடுக்கப்பட்டவுடன் முகவரிப் பெட்டியின் வலது ஓரத்தில் சின்னச் சாளரப் படம் ஒன்று தோன்றும். பலர் கண்ணில் படுவதில்லை, அவ்வளவு சிறியது. அதை அழுத்தினால், இந்தத் தளத்திலிருந்து வரும் பாப்-அப்களை எப்போதும் அனுமதிக்கவா என்று இரண்டு வாய்ப்பு வரும். முதலாவதைத் தேர்ந்து ‘முடிந்தது’ கொடுத்துவிட்டு, ரசீதுப் பொத்தானை மறுபடி அழுத்த வேண்டும். அனுமதி உங்கள் தளம் ஒன்றுக்கு மட்டும் போகும், மற்றவற்றுக்குத் தடை அப்படியே நிற்கும். ஃபயர்ஃபாக்ஸில் பக்கத்தின் உச்சியில் ஒரு பட்டை வரும். அதில் உள்ள பொத்தானில் இந்தத் தளத்துக்கு அனுமதி என்பது இருக்கும். ஆண்ட்ராய்டு குரோமில் பாப்-அப் தடுக்கப்பட்டது என்ற செய்தியோடு ‘எப்போதும் அனுமதி’ என்பதும் சேர்ந்தே வரும். ஐபோன் சஃபாரியில் அமைப்புகளில் இருப்பது எல்லாத் தளத்துக்கும் பொதுவான ஒரே சுவிட்ச் என்பதால், அதை அணைக்கச் சொல்வது மற்ற எதையும்விடத் தவறு. ஐபோன் வைத்திருப்பவருக்கு ரசீதை டவுன்லோடாகவே தர வேண்டும்.

ஏற்கெனவே அணைத்துவிட்டவர்களுக்கும் ஒரு வரி வேண்டும்: அமைப்புகள், தனியுரிமையும் பாதுகாப்பும், தள அமைப்புகள், பாப்-அப்களும் திசைதிருப்புதல்களும் என்று போய், தளங்கள் பாப்-அப் அனுப்ப அனுமதிக்காதே என்பதைத் தேர்ந்தெடுக்கவும். அதே பக்கத்தில் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். அடையாளம் தெரியாத முகவரி அதில் இருந்தால் நீக்கவும்.

இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் பாதுகாப்பு நிலையைக் குறைத்து, ஆக்டிவ்எக்ஸை (அந்த பிரவுசருக்குள் ஓடும் பழைய வகைச் செருகுநிரலை) இயக்கச் சொல்லும் பக்கங்கள் இன்னும் சில கையேடுகளில் கிடக்கின்றன. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15-ல் நிறுத்திவிட்டது. அந்தப் பக்கங்களைக் கிழித்துவிடுங்கள்.

சேவை மையக் கணினிகளைப் பொறுத்தவரை ஆபரேட்டர் கையில் சுவிட்சை விடுவதே முறையல்ல. காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் உட்காரும் கணினி அது. குரோமும் எட்ஜும் இதற்கென்றே நிர்வாகக் கொள்கைகள் தருகின்றன. ‘டீஃபால்ட் பாப்-அப்ஸ் செட்டிங்’ என்ற கொள்கைக்கு 2 என்று மதிப்புக் கொடுத்தால் பாப்-அப் எல்லாம் தடை. ‘பாப்-அப்ஸ் அலவ்டு ஃபார் யூஆர்எல்ஸ்’ பட்டியலில் உங்கள் சேவைத் தளத்தின் முகவரியை மட்டும் சேர்த்தால் அதற்கு விலக்கு. ‘டீஃபால்ட் நோட்டிஃபிகேஷன்ஸ் செட்டிங்’ என்பதற்கும் 2 கொடுத்தால் ரோபோ பொம்மை தந்திரம் செத்துவிடும். ‘எக்ஸ்டென்ஷன் இன்ஸ்டால் பிளாக்லிஸ்ட்’ என்பதில் நட்சத்திரக் குறி ஒன்று போட்டால், நீங்கள் விலக்களித்தவை தவிர எந்த எக்ஸ்டென்ஷனும் ஏறாது. வேண்டாத தளங்களை ‘யூஆர்எல் பிளாக்லிஸ்ட்’ பட்டியலில் போடலாம், 1,000 முகவரி வரை ஏற்கும். இவற்றை விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் ஏற்றும் கோப்பு ஒன்றை நீங்கள் ஒருமுறை தயாரித்துக் கொடுத்தால், ஒவ்வொரு மையத்திலும் இரண்டு கிளிக்கில் முடிந்துவிடும். ஏறியதா என்று குரோமின் பாலிசி பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

இதில் நாங்கள் கண்ட ஒரு தவறையும் சொல்லிவிடுகிறோம். விலக்குப் பட்டியலில் ‘கவ் டாட் இன்’ என்று முடியும் எல்லா முகவரிகளையும் மொத்தமாகச் சேர்த்துவிடுவார்கள். அரசுத் துணைத் தளங்கள் உடைக்கப்பட்டு, சூதாட்டப் பக்கங்களுக்குத் திருப்பிவிடப்பட்ட செய்திகள் வந்திருக்கின்றன. முழு முகவரியாக, தேவைப்படும் தளத்தை மட்டும் சேர்க்க வேண்டும்.

போலித் தளங்களுக்கு பாப்-அப் தடை மட்டும் ஈடுகொடுக்காது. சான்றிதழின் பெயரைத் தேடினால் முதலில் வரும் விளம்பர இணைப்பு உங்கள் தளமாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. மையங்களில் ரூட்டரின் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) முகவரியை கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் 1.1.1.2, 1.0.0.2 என்று மாற்றினால் தீங்குநிரல் தளங்களாக அறியப்பட்டவை திறக்காது. 1.1.1.3, 1.0.0.3 கொடுத்தால் ஆபாசத் தளங்களும் சேர்ந்து அடைபடும். இரண்டும் இலவசம். பிரவுசரின் ‘பாதுகாப்பான டிஎன்எஸ்’ அமைப்பில் வேறு நிறுவனம் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால் ரூட்டரில் போட்டது செல்லுபடியாகாது என்பதால், அதையும் பார்த்துவிட வேண்டும். புதிதாக முளைத்த போலித் தளம் எந்தப் பட்டியலிலும் இருக்காது. ஆகவே மேசையில் ஒட்டும் தாளில் உங்கள் தளத்தின் முழு முகவரியைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொடுங்கள், அதை புக்மார்க்கிலிருந்தே திறக்கச் சொல்லுங்கள்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

இந்த மடலைப் படித்த 15 நாட்களுக்குள், பாப்-அப் பிளாக்கரை அணைக்கச் சொல்லும் வரியை எல்லாக் கையேடுகளிலிருந்தும், உதவிப் பக்கங்களிலிருந்தும், பயிற்சிக் காணொளிகளிலிருந்தும் நீக்க வேண்டும். அந்த இடத்தில், ஒரு தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுக்கும் முறையையும் அணைத்ததைத் திரும்ப இயக்கும் முறையையும் தமிழில், படத்தோடு போட வேண்டும். தொலைபேசி உதவி மையத்தில் பதில் சொல்பவர்களுக்கும் இதே வழிமுறை போக வேண்டும். கையேட்டில் நீக்கிவிட்டு போனில் சொல்லிக்கொண்டிருந்தால் பயனில்லை.

சேவை மையக் கணினிகளுக்கான கொள்கைக் கோப்பை நீங்களே தயாரித்து, எந்தெந்த முகவரிகளுக்கு விலக்கு என்ற பட்டியலோடு எல்லா மையங்களுக்கும் அனுப்ப வேண்டும். முகவரி மாறும்போது பட்டியலும் அதே நாளில் மாற வேண்டும்.

ரசீதையும் சான்றிதழையும் டவுன்லோடாகத் தர வேண்டும். கட்டணப் பக்கம் அதே டேப்பில் திறந்து அதே டேப்பில் திரும்ப வேண்டும். கட்டண நிலையை சர்வர் நேரடியாகச் சரிபார்த்த பிறகே மறுபடி கட்டக் கேட்க வேண்டும். இதுவரை இரண்டு முறை பிடிக்கப்பட்ட தொகைகளை, விண்ணப்பதாரர் மனுப் போடும் வரை காத்திராமல், நீங்களே கணக்குப் பார்த்துத் திருப்பித் தர வேண்டும்.

புதிய தளத்துக்கோ புதிய பதிப்புக்கோ ஒப்பந்தம் போடும்போது, எல்லாப் பாதுகாப்பு அமைப்புகளும் இயக்கத்தில் உள்ள பிரவுசரில், 2 ஜிபி ராம் உள்ள கணினியிலும் மலிவு விலை ஆண்ட்ராய்டு போனிலும், மெதுவான இணைப்பில் விண்ணப்பம் தொடக்கம் முதல் ரசீது வரை ஓடிக் காட்ட வேண்டும் என்பதை ஏற்பு நிபந்தனையாக எழுதுங்கள். அந்தச் சோதனையை ஒரு கிராமத்துச் சேவை மையத்தில், ஆபரேட்டரை வைத்து நடத்துங்கள். கணினியைத் தயார் செய்து தர நாங்கள் வருகிறோம்.

இணைய மோசடியில் ஏற்கெனவே பணம் பறிகொடுத்தவர்கள் உடனே அழைக்க வேண்டிய 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உங்கள் தளத்தின் முகப்பிலேயே, ‘தொடர்புக்கு’ பக்கத்துக்குள் ஒளித்து வைக்காமல், போட வேண்டும்.

இவற்றில் எதை எந்தத் தேதிக்குள் செய்வீர்கள் என்று எழுத்தில் பதில் கேட்கிறோம்.

இப்படிக்கு,
சேவை மையங்களிலும் பிரவுசிங் சென்டர்களிலும் கணினி பராமரிப்போர்